அவளுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காதுமடல் சுடும். அப்புறம் வாய் தேனாக ஒழுக ஆரம்பித்துவிடும். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். நான் யாரையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள், "இப்ப யாரு மேல உனக்குக் காண்டு?"

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேசர் கம்பெனியில் சாப்பாட்டு சைரன் அடித்திருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே போனைப் பார்த்தேன். "அக்கா, எனக்குக் கெடச்சிடுச்சிக்கா!" என்று ஒரு செய்தி. கூடவே அழுகிற முகம் நாலு. "வாழ்த்துக்கள்டா செல்லம், எனக்கு அப்பவே தெரியும்" என்று இரண்டு இதயங்களைச் சேர்த்து அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். அன்று அம்மா எனக்குப் பிடித்த கருவாட்டுத் தொக்கு வைத்திருந்தாள். ஒரு வாய் கூட இறங்கவில்லை.

அவளுக்குக் கிடைத்தது நானும் விண்ணப்பித்திருந்த வேலை. வேலை என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் புரியும். போஸ்ட்டாக் என்றால் "அஞ்சலாபீசா?" என்பார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஏதாவதொரு பெரிய ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்வது அது. அதைச் செய்யாமல் எங்கள் துறையில் மேலே போக முடியாது. எங்கள் துறை லேசர். லேசரால் உலோகத்தை வெட்டுவதும் ஒட்டுவதும். ஐரோப்பாவின் வடக்கே ஒரு குளிர்நாட்டு ஆய்வகம், மின்சார வண்டி பேட்டரிகளுக்காகச் செம்பை லேசரில் வெல்டிங் செய்ய ஒரே ஒரு ஆள் தேடியது. பட்டம் வாங்கி மூன்று வருடம் தாண்டியிருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. எனக்கு அந்த மூன்று வருடம் முடிய ஐந்து மாதம்தான் பாக்கி. அவளோ பட்டம் வாங்கியே ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று வரும். எனக்கு இதுதான் கடைசி.

அவள் என் ஜூனியர். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தோம். அவள் திருப்பாச்சூர்க்காரி. சொந்த நிலம், சொந்த நெல், டிராக்டர் வைத்திருக்கும் இரண்டு அண்ணன்கள். எங்கள் குடும்பம் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். நைனாதான் முதன்முதலாக வயலை விட்டு ஏறி இரும்பு ரோலிங் மில்லில் சேர்ந்து, முப்பது வருடம் அனலில் நின்று என்னைப் படிக்க வைத்தார். அவள் தோற்றால் ஏசி போட்ட தன் அறையில் படுத்து இரண்டு நாள் அழுவாள். நான் தோற்றால் நைனா ஒன்றும் பேசாமல் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அந்த டீயை இரண்டு வருடத்தில் பதினாறு முறை குடித்திருக்கிறேன். பதினாறு ஆய்வகங்கள் எனக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தன.

எங்கள் ஆராய்ச்சி நடந்த விதத்தைச் சொன்னால் வெளியூர் ஆட்கள் சிரிப்பார்கள். கல்லூரி லேசர் நான் சேர்ந்த வருடமே படுத்துவிட்டது. எங்கள் பேராசிரியருக்குத் தெரிந்த ஒருவர் கும்மிடிப்பூண்டியில் சின்னதாக லேசர் கம்பெனி வைத்திருந்தார். இன்று நான் வேலை பார்ப்பதும் அங்கேதான். அவர் ஒரே நிபந்தனை போட்டார், புரொடக்‌ஷன் நிற்கக் கூடாது. ஆகவே ஆட்கள் சாப்பிடப் போகும் நாற்பத்தைந்து நிமிடம் எங்களுக்கு என்று ஆனது. சைரன் அடித்ததும் ஓடிப்போய் மெஷின் முன்னால் உட்காருவேன். அடுத்த சைரனுக்கு எழுந்துவிட வேண்டும். என் டாக்டர் பட்டம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் செய்ததுதான். பட்டத்தோடு வயிற்றுப் புண்ணையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

அவள் வந்த பிறகு அந்த நேரத்தைப் பங்கு போட வேண்டியிருந்தது. அதிலேயே எனக்கு எரிச்சல். அதைவிட எரிச்சல், தன் பங்கை அவள் வீணடித்த விதம். ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். "இன்னாண்ணா, இன்னிக்கி வண்டலூர் மிருகம் எல்லாம் கொழம்புல கீதா?" என்று அவர்கள் பேச்சிலேயே அவர்களைக் கலாய்ப்பாள். அவர்கள் தங்கள் முட்டையைப் பிட்டு அவளுக்கு வைப்பார்கள். நாலு வருடம் அந்தக் கூரையின் கீழ் நின்ற எனக்கு ஒருத்தரும் முட்டை வைத்ததில்லை. நான் மேடம், அவள் பாப்பா. ஊர்க்காரி நான், வந்தேறி அவள்.

அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. வெல்டிங் செய்ய வேண்டிய செம்புப் பட்டைகளை நூலில் கட்டி அதன் குறுக்குக் கம்பியில் தொங்கவிடுவோம். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கம்பெனியின் அமிலத் தொட்டி. கம்பிச் சுருள்களைத் துரு போக அதில் முக்கி எடுப்பார்கள். எந்நேரமும் மூக்கில் ஒரு புளிப்பு வாடை இருந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அது வாடையே இல்லை. எங்கள் தெருவில் துணி காயப்போடும் முன் கொடிக்கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் போடுவார்கள். துடைக்காமல் போட்டால் வெள்ளைத் துணியில் நடுவாகக் கறுப்புக் கோடு விழும். துடைக்கிற துணி தினமும் கறுப்பாகும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் கேட்க ஒன்றுமில்லை.

ஒருநாள் அவள் தன் வெள்ளைத் துப்பட்டாவை அந்த அலமாரிக் கம்பியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து எடுத்தால் குறுக்கே கறுப்புக் கோடு. அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, துப்பட்டாவே இப்டி ஆவுதுன்னா, அங்க தொங்கிக்கினு இருக்கிற காப்பர் இன்னா ஆவும்?"

"இங்க எல்லாமே அப்டித்தான்" என்றேன். "சோப்பு போட்டா போயிடும்."

அவள் சோப்புப் போடவில்லை. பொட்டலத்திலிருந்து அப்போதுதான் பிரித்த பட்டைகளையும், மூன்று நாள் தொங்கிய பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்தாள். புதுச் செம்பு கண்ணாடி மாதிரி. எங்கள் லேசர் அதன் மேல் பட்டால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். லேசாகக் கறுத்த செம்பு லேசரை உறிஞ்சும்; குறைந்த சக்தியிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். தன் புது முறையால் குறைந்த சக்தியில் ஒட்ட வைத்ததாகத்தான் அவள் அதற்கு முன்பு ஒரு கட்டுரை எழுதி, அது ஒரு கருத்தரங்கில் ஏற்கப்பட்டும் இருந்தது. ஒட்ட வைத்தது அவள் கண்டுபிடித்த முறை அல்ல, கும்மிடிப்பூண்டிக் காற்று. அதைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு செமஸ்டர் முழுவதும் சாப்பாட்டு நேரங்களைச் செலவழித்தாள். முட்டையையும் மறந்தாள். கடைசியில் கட்டுரையை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

பேராசிரியர் கத்தித் தீர்த்தார். வராந்தாவில் உட்கார்ந்து அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தது நான்தான். "விடுடா, உன் நேர்மைக்கு நல்லதே நடக்கும்" என்றேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அவளுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. எனக்கு ஐந்து இருந்தது.

ஆனால் அந்த ஐந்தில் மூன்று, அதே அலமாரியில் தொங்கிய பட்டைகளில் செய்தவை. அது அன்றைக்கே எனக்கு உறைத்தது. என்னுடையவை ஒரு நாள்தான் தொங்கின என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில ஒரு வாரம் தொங்கியதும் நினைவிருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டம் கையில் வந்துவிட்டது, அதைப் போய்க் கிண்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்நாட்டு விளம்பரம் வந்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில் பேராசிரியர் முன்னால் போய் நின்றோம். பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது. அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "வழக்கம்போல நீங்களே டிராஃப்ட் போட்டுக் கொண்டாந்துடுங்கம்மா. சைன் பண்ணி ஏத்திடறேன்." நம் பக்கத்துக் கல்லூரிகளில் இது ஊரறிந்த ரகசியம். உங்களைப் பற்றி உங்கள் பேராசிரியர் என்ன நினைக்கிறார் என்பதை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டும். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னைப் பத்தி நானே ஆகா ஓகோன்னு எழுத கூச்சமா இருக்குதுக்கா. உன் இங்கிலீஷும் நல்லா இருக்கும். எனக்கும் நீயே எழுதிக் குடுத்துடேன்."

போட்டியில் எதிரே நிற்பவளிடம் கத்தியைக் கொடுத்துக் கழுத்தையும் காட்டுகிற பெண்ணை என்ன செய்வது? "அதுக்கென்னடா" என்றேன். காது அப்போதே சுட்டது.

என் கடிதத்தை எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான் பேராசிரியராக மாறி என்னைப் புகழ்ந்தேன். என் இத்தனை வருட அனுபவத்தில் கண்ட தலைசிறந்த மாணவி என்றேன். அயராத உழைப்பாளி, இயல்பான தலைமைப் பண்பு, ஆழ்ந்த அறிவு, எந்த ஆய்வகத்துக்கும் பெருமை சேர்ப்பவர் என்றேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

அவள் கடிதத்தை எழுத இருபது நிமிடம். பொய்யாக ஒரு வரி கூட எழுதவில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை நான். பாராட்டு வார்த்தைகளை மட்டும் கொடுக்காமல் கைவசமே வைத்துக்கொண்டேன். பிறகு, அவளுக்காகப் பரிந்து பேசுவது போல ஒரு பத்தி சேர்த்தேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இவருடைய கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவு. ஏற்கப்பட்ட ஒரு கட்டுரையை இவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். பட்டறை அலமாரியில் மூன்று நாள் தொங்கினால் செம்பு கறுத்துவிடுகிறது, தம் முடிவுக்கு அதுவே காரணம் என்பதை உறுதி செய்ய இவர் ஒரு செமஸ்டர் முழுவதையும் செலவிட்டார். இவர் நேரத்தின் கணிசமான பகுதி மெஷின் ஆபரேட்டர்களோடு பேசுவதில் கழிந்தது." தடவிக் கொடுப்பது போலக் கை வைத்து நறுக்கென்று கிள்ளினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றவள், மெதுவாக வேலை செய்கிறவள், அரட்டை அடிப்பவள் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதுதான் என் எண்ணம். மழுப்ப ஒன்றுமில்லை.

பேராசிரியர் இரண்டையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். எனக்குச் செவ்வாய், அவளுக்கு வியாழன். அவளையும் கூப்பிட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டின் முன்னறையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். சத்தம் வராமலிருக்க மின்விசிறியை நிறுத்தினோம். அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் மிக்ஸியை ஒரு மணி நேரத்துக்கு அடக்கி வைத்தாள். நைனா தெருமுனையில் போய் நின்றுகொண்டார். ஒலிபெருக்கி வைத்த உப்பு வண்டி வந்தபோது அவர் கெஞ்சியது எனக்குக் கேட்டது. "எப்பா, ஒரு மணி நேரம் அந்தாண்ட போய் வித்துக்கினு வாப்பா. எம்பொண்ணு வெளிநாட்டுக்காரங்களாண்ட பேசிக்கினு கீது."

திரையில் மூன்று பேர். முதல் அரைமணி நேரம் நன்றாகவே போயிற்று. என் கட்டுரைகளைப் பற்றி நான் பேச, தலையாட்டினார்கள். கடைசியாக, அதுவரை வாயே திறக்காத நரைமுடிப் பெண்மணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "நீங்கள் வேலை செய்த பட்டறையில் செம்பு மூன்றே நாளில் கறுத்துவிடும் என்று உங்கள் பேராசிரியர் மூலம் தெரிந்துகொண்டோம். ரொம்ப சுவாரசியமான விஷயம். உங்கள் பட்டைகளை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள்?"

உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. மின்விசிறி நின்றதால் இல்லை. நான் எழுதிய வரி அது. என் வார்த்தைகள், என் இருபது நிமிடம். அவளைக் கிள்ளப் போட்ட நகம் என் கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

"ஒவ்வொரு முறையும் அசிட்டோனால் துடைத்துவிடுவேன்" என்றேன்.

அசிட்டோன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். செம்பின் கறுப்பை எடுக்காது. எனக்கும் அது தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். அவர் லேசாகச் சிரித்து, குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லித் திரையை அணைத்தார்கள். நைனா தெருமுனையிலிருந்து வேகமாக நடந்து வந்து, "எப்டி பாப்பா?" என்றார். "சூப்பரா போச்சி நைனா" என்றேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் செய்தி வந்தது.

என் வீட்டில் அன்று நான் அவளைப் புகழ்ந்த புகழ்ச்சியில் அம்மாவுக்குப் புரிந்துபோயிற்று. நைனாவுக்குப் புரியவில்லை. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெபக் குறிப்பு எழுதிப் பெட்டியில் போடலாம். இரண்டு வருடமாக நைனா ஒரே குறிப்பைத்தான் போட்டுவந்தார்: மகளின் வெளிநாட்டு வேலைக்காக. அந்த ஞாயிறு பாஸ்டர் ஒலிபெருக்கியில் படித்தார், மகளின் தோழிக்கு வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம், மகளுக்கும் சீக்கிரம் கிடைக்க ஜெபிக்கவும் என்று. சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கர்த்தருக்கு என் மனசு தெரியும், அதற்கு மேல் எதற்கு நடிப்பு என்று சும்மா இருந்தேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் காரில் ஒரு மூட்டை புது அரிசியும் ஒரு பெட்டி மைசூர்பாவும். அம்மாவின் காலைத் தொட்டாள். நைனாவிடம், "நைனா, அக்காவுக்கு இதவிட பெரிய எடத்துல கெடைக்கும் பாருங்க" என்றாள். என் நைனாவை நைனா என்று கூப்பிட அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நைனாவோ பூரித்துப் போனார்.

பிறகு மொட்டை மாடிக்கு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே நின்று, "உன் லெட்டராலதான்க்கா கெடச்சிது" என்றாள்.

நான் கொடியிலிருந்து ஒரு துணியை உருவி மடிக்க ஆரம்பித்தேன்.

"இன்டர்வியூல அந்த வெள்ளமுடி மேடம் சொன்னாங்க. அவங்க படிச்ச லெட்டர் எல்லாமே ஒரே மாதிரி இருந்துச்சாம். எல்லாரும் தலைசிறந்த ஸ்டூடன்ட்டாம். உன் லெட்டர்ல மட்டுந்தான் நான் இன்னா பண்ணேன்னு எழுதியிருந்துச்சாம். பேப்பர வாபஸ் வாங்குனது, அலமாரி, ஆபரேட்டர் அண்ணனுங்க, எல்லாத்தையும் கேட்டாங்க. அரைமணி நேரம் அது மட்டுந்தான் பேசுனோம்." கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "நானே எழுதியிருந்தா அந்த பேப்பர் மேட்டர மறச்சிருப்பேன்க்கா. அத எழுதணும்னு உனக்கு எப்டிக்கா தோணுச்சி?"

எனக்கு எப்படித் தோன்றியது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "தோணுச்சி" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக எனக்கு எங்கள் கொடிக்கம்பி தெரிந்தது. அம்மா அன்று காலையிலும் அதைத் துடைத்திருந்தாள்.

கிளம்பிப் போகும்போது ஒரு வேலையும் கொடுத்தாள். அந்தக் காற்றில் செம்பு எந்தெந்த நாளில் எவ்வளவு கறுக்கிறது என்பதையே புது ஆய்வகத்தில் பார்க்கப் போகிறார்களாம். "அலமாரில ஒரு செட்டு தொங்கவுட்டு, தேதி போட்டு அனுப்பி வுடுக்கா. உன்னத் தவிர யாரு கரெக்டா செய்வாங்க?" எங்கள் ஊர்க் காற்று. என் நைனாவை இருமவைத்த காற்று, எங்கள் துணிகளில் கோடு போட்ட காற்று. அது கடல் தாண்டி ஆராய்ச்சியாகப் போகிறது, அதுவும் திருப்பாச்சூர்க்காரி பெயரில். அன்று ராத்திரி சோறு இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

இருந்தாலும் மறுவாரம் அவளுடைய பட்டைகளைத் தொங்கவிட்டேன். ஒத்துக்கொண்ட வேலையைச் சொதப்ப எனக்கு வராது. நூலில் கட்டித் தேதி எழுதும்போது கை தானாக இன்னொரு செட்டையும் எடுத்தது. அது எனக்கு. ஏன் எடுத்தேன் என்று கேட்டால், அந்த நரைமுடி அம்மாவின் சிரிப்பு என் கழுத்தை விட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான். பாதியைத் தொங்கவிட்டேன். பாதியைப் பொட்டலத்தைப் பிரித்ததும் பிரிக்காததுமாக மெஷினில் வைத்து, என்னுடைய மிகச்சிறந்த கட்டுரையில் எழுதியிருந்த அதே சக்தியில், அதே வேகத்தில் வெல்டிங் செய்தேன்.

ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தேன். பார்வைக்கு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தேன். தபால் உறை பிரிவது போலப் பிரிந்து வந்துவிட்டது.

இரண்டு மாதம் சாப்பாட்டு நேரங்களில் திரும்பத் திரும்பச் செய்தேன். ஆபரேட்டர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ஒருநாள் அவர்களில் வயதில் மூத்தவர் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். "இன்னா மேடம், பாப்பா பண்ணதையே நீங்களும் பண்ணிக்கினு கீறீங்க? அது கறுக்கும்னு எங்களுக்கு மொதல்லருந்தே தெரியுமே." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே. பாப்பா கேட்டுச்சி, சொன்னோம்" என்றார்.

அந்த மூன்று கட்டுரைகளில் இரண்டு நிற்கவில்லை. பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "இப்ப யாரும் கேக்கலையேம்மா?" என்றார். "கேட்டுட்டாங்க சார்" என்றேன். பத்திரிகைகளுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினோம். என் ஐந்து மூன்றாயிற்று. அதற்குள் எனக்கு அந்த மூன்று வருடமும் முடிந்துவிட்டது. நைனா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இந்த முறை கூடவே, "தேர்வாய் கண்டிகைல புதுசா ஒரு கம்பெனி வந்துகீதாம் பாப்பா, குவாலிட்டில ஆள் எடுக்கறாங்களாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

போன மாதம் வேறு ஒரு மாநிலத்திலிருந்து ஒரு ஆய்வக விளம்பரம் வந்தது. லேசர் வெல்டிங்தான், வெளிநாடு இல்லை, வருட வரம்பும் இல்லை. அவள்தான் அங்கே பனியில் உட்கார்ந்து தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு படமும்: நான் தொங்கவிட்ட செம்புப் பட்டைகள் வரிசையாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், என் கையெழுத்தில் தேதியோடு. எவ்வளவு சுத்தமான மேசை அது! படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது சுட்டது.

பேராசிரியரிடம் போனேன். "நீயே எழுதிக் கொண்டாந்துடும்மா" என்றார்.

உட்கார்ந்தேன். தலைசிறந்த மாணவி என்று எழுத விரல் போகவில்லை. அடித்துவிட்டு யோசித்தேன். இந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு உண்மையைச் சொல்லு என்று என்னை யாராவது கேட்டால் எதைச் சொல்வேன்? நாலு ஞாயிறு போயிற்று. கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: "இவருடைய இரண்டு கட்டுரைகள் தவறானவை. பட்டறைக் காற்றில் செம்பு கறுத்திருந்ததை இவர் கவனிக்கவில்லை. இவருடைய ஜூனியர் கவனித்தார். தெரிந்த பிறகும் இவர் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். பிறகு தாமே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்துத் திருத்தம் வெளியிட்டார்." பேராசிரியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

திருவள்ளூரிலிருந்து திரும்பி வரும்போது பெரியபாளையத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. அவளுடைய கடிதத்தையும் என்னுடையதையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையதுதான் நல்ல கடிதம், இப்போதும். அவள் செய்ததைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒன்று விடாமல் எழுத அவளுக்கு ஒருத்தி இருந்தாள். எனக்கு அப்படி யாரும் இல்லை, நானேதான் எழுத வேண்டியிருந்தது. அதற்கும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.